வேலியும் வெள்ளமும்

நியூசிலாந்தின் டிராம்பிங் சங்கங்களும் இங்கிலாந்தின் ராம்ப்ளர் சங்கங்களும் நடைச் சங்கங்கள்தான்; இரண்டும் பங்காளிகள் என்பது பொதுவான பேச்சு. மேலோட்டமாகப் பார்த்தால் மறுக்க முடியாது. வார விடுமுறையில் பத்திருபது பேர் ஓரிடத்தில் கூடுவார்கள். அவர்களில் பெரும்பாலோர் நடுவயதைத் தாண்டியவர்கள். முதுகில் பை, பைக்குள் பிளாஸ்க், மழைச்சட்டை, ரொட்டி. முன்னால் ஒருவர் வழிகாட்டிப் போவார்; யாரும் பின்தங்கிவிடாமல் பார்த்துக்கொண்டு கடைசியில் ஒருவர் வருவார். இருவருக்கும் சம்பளம் கிடையாது. வீடு திரும்பும்போது எல்லோருக்கும் முழங்கால் வரை சேறு.

குளிர்காலம் மட்டும் எதிரெதிர் முனையில் வருகிறது. நியூசிலாந்தின் வெலிங்டனில் ஆண்டின் மிகக் குறுகிய பகல் நமது ஆனி மாதத்தில் விழுகிறது. காலை 7.45 வாக்கில் விடிந்து, மாலை 5 மணிக்குள் சூரியன் மறைந்துவிடும். இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் அந்தக் குறுகிய பகல் மார்கழியில் வரும். அங்கே ஏழரை மணி நேர வெளிச்சம்தான். பிற்பகல் 4 மணிக்கு நெற்றிவிளக்கைத் தேட வேண்டும். அதனால் இரு ஊர்களிலும் குளிர்கால நடை என்பது பகலோடு போய்ப் பகலோடு திரும்புவது. கோடையில் கூடாரம் தூக்கிக்கொண்டு நாள்கணக்கில் மலையேறுகிறவர்கள்கூட இந்த மாதங்களில் பெரும்பாலும் ஒரு நாள் நடையோடு நிறுத்திக்கொள்வார்கள்.

ஆனால் மறுநாள் கூட்டத்தை அழைத்துப் போகவேண்டியவர் முந்தின இரவு எதை எண்ணிக் கவலைப்படுகிறார் என்று பார்த்தால் பங்காளி உறவு அங்கேயே விட்டுப்போகிறது. ஷெஃபீல்டுக்காரர் வரைபடத்தை விரித்து, போகிற வழி நெடுகப் பொதுப்பாதைதானா, நடுவில் யாராவது வாயிலைப் பூட்டிவைத்திருப்பார்களா என்று பார்க்கிறார். வெலிங்டன்காரர் பார்ப்பது ஆற்றின் நீர்மட்டத்தை. ஒருவருக்கு வேலி, இன்னொருவருக்கு வெள்ளம். மற்ற வேறுபாடுகளில் பெரும்பாலானவை இந்த ஒன்றிலிருந்து கிளைத்தவை என்பது என் கணிப்பு.

ஷெஃபீல்டின் கதை 1900-இல் தொடங்குகிறது. ஜி.எச்.பி. வார்டு என்ற பொறியியல் தொழிலாளி, கிளாரியன் என்ற சோஷலிச வார இதழில் ஒரு சிறு அறிவிப்புக் கொடுத்தார். கிண்டர் ஸ்கவுட் மேட்டைச் சுற்றிவர ஆள் சேர்ந்தது. ஆண்களும் பெண்களுமாக நடந்தார்கள். ஷெஃபீல்டு கிளாரியன் ராம்ப்ளர்ஸ் அப்படிப் பிறந்தது. வாரம் ஆறு நாள் எஃகு ஆலைப் புகையில் கிடந்தவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை ஒன்றுதான் மூச்சு. நகரத்தின் விளிம்பிலேயே திறந்த மேட்டுநிலம் இருந்தது. அதன் பெரும்பகுதி பிரபுக்களுக்கும் ஆலை முதலாளிகளுக்கும் சொந்தம். கிரவுஸ் என்ற பறவையைச் சுடுவதற்காக அதை மூடிவைத்திருந்தார்கள். சுடும் பருவம் ஆகஸ்ட் 12-இல் தொடங்கி டிசம்பர் 10-இல் முடியும். அதிலும் துப்பாக்கி வெடிப்பது சில நாட்கள்தான். மற்ற நாட்களில் கையில் தடியோடு வேட்டைக்காவலர்கள் திரிவார்கள். ஆகவே வார்டின் கூட்டத்தார் நடந்ததோடு நிற்கவில்லை. இது எந்தக் காலத்துப் பாதை, இதில் போக ஊராருக்கு உரிமை உண்டா என்று பழைய ஆவணங்களைத் தோண்டினார்கள். நடையும் வழக்கும் அங்கே சேர்ந்தே வளர்ந்தன.

வெலிங்டனில் 1919-இல் ஃபிரெட் வோசலரும் வில்லி ஃபீல்டும் தாராருவா டிராம்பிங் சங்கத்தைத் தொடங்கினார்கள். நாட்டின் முதல் டிராம்பிங் சங்கம் அது. ஃபீல்டு நாடாளுமன்ற உறுப்பினர் என்பதையும் கவனிக்க வேண்டும். இங்கே சங்கம் அரசாங்கத்தோடு மல்லுக்கட்டப் பிறந்ததல்ல. நகரத்துக்கு வடக்கே தாராருவா மலைத்தொடர் நிற்கிறது. அதில் ஏறாதே என்று தடுக்க யாரும் இல்லை. இல்லாதவை வேறு: பாதையும் கூரையும். மேற்கிலிருந்து வரும் ஈரக்காற்றை நேராக வாங்குகிற மலை அது. ஆண்டுக்கு 5,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்யும் இடங்கள் அதில் உண்டு. 1922-இல் எஸ்மண்ட் கைம் என்பவர் ஹெக்டர் சிகரப் பக்கம் புயலில் மாட்டிக் குளிரில் இறந்தார். 1924-இல் ஃபீல்டு குடில் எழுந்தது. 1930-இல் அதற்கும் மேலே கைம் பெயரிலேயே இன்னொரு குடில். மரத்தையும் தகரத்தையும் மலைமேல் சேர்த்துக் கட்டிய காரியம். வார்டின் ஆட்கள் ஆவணம் புரட்டினார்கள் என்றால், இவர்கள் சுத்தியல் பிடித்தார்கள்.

இரு தரப்பின் குணமும் வெளிப்பட்ட நிகழ்ச்சிகள் ஓராண்டு இடைவெளியில் நடந்தன. 1932 ஏப்ரல் 24 அன்று ஹேஃபீல்டு ஊருக்கு வெளியே ஒரு பழைய கல்குவாரியில் சில நூறு இளைஞர்கள் கூடினார்கள். பென்னி ராத்மன் என்ற இருபது வயதுப் பையன் பேசினான். பிறகு எல்லோரும் வில்லியம் கிளஃப் என்ற பள்ளத்தாக்கு வழியாகக் கிண்டர் மேட்டுக்கு ஏறினார்கள். வழியில் வேட்டைக்காவலர்களோடு கைகலப்பு. திரும்பி வந்ததும் போலீஸ் பிடித்தது. ஐந்து பேருக்கு இரண்டு முதல் ஆறு மாதம் வரை சிறை. வேடிக்கை என்னவென்றால் அத்துமீறி நுழைந்ததற்காக அந்தத் தண்டனை இல்லை. அது அன்று குற்றவியல் குற்றமே அல்ல. கலகம் செய்யக் கூடியது, வேட்டைக்காவலரைத் தாக்கியது என்று வேறு பிரிவுகளில் தீர்ப்பு வந்தது. அன்றைய பழைய நடைச் சங்கங்களின் தலைவர்கள் பலருக்கு இந்தப் போராட்டமே பிடிக்கவில்லை. பிரபுக்களோடு மெல்லப் பேசிக் காரியம் சாதிக்கலாம் என்று இருந்தவர்கள் அவர்கள். ஆனால் சிறைத்தண்டனை கேட்டு நாடே திரும்பிப் பார்த்தது. 1935-இல் ராம்ப்ளர்கள் சங்கம் நாடளாவிய அமைப்பாகியது. 1949-இல் தேசியப் பூங்காச் சட்டம், 1951-இல் கிண்டரை உள்ளடக்கிய பீக் மாவட்டம் முதல் தேசியப் பூங்கா, 1965-இல் பென்னைன் நெடும்பாதை, 2000-இல் மேட்டுநிலங்களில் நடக்கும் உரிமைச் சட்டம் என்று அது நீண்டது. கிண்டர் அன்று டெவன்ஷர் பிரபுவின் நிலம். எழுபதாவது ஆண்டு நினைவுக் கூட்டத்தில், 2002-இல், அந்தப் பரம்பரையின் பிரபுவே மேடையேறி மன்னிப்புக் கேட்டார். எழுபது வருஷம் தாமதம்தான்; ஆனாலும் நிலக்காரர்கள் மன்னிப்புக் கேட்டதாக வரலாற்றில் அதிகம் படிக்கக் கிடைப்பதில்லை.

தாராருவாவில் 1933-இல் நடந்தது வேறு மாதிரி. மூன்று ஆண்களும் ஒரு பெண்ணுமாக நால்வர் மலைத்தொடரைக் கடக்கப் போனார்கள். அவர்களில் ஒருவர் பின்னாளில் நாடறிந்த பொருளாதார அறிஞரான பில் சச். மோசமான வானிலையில் சிக்கினார்கள். குறித்த நாளில் திரும்பவில்லை. சங்கத்தாரும் போலீசாரும் ஊராருமாக ஏராளமானோர் மலையைச் சலித்துத் தேடினார்கள். இரண்டு வாரம் போல ஆனபிறகு நால்வரும் உயிரோடு வெளியே வந்தார்கள். அந்தத் தேடலில் ஒழுங்கு போதவில்லை என்பது எல்லோருக்கும் உறைத்தது. 1931-இல் உருவாகியிருந்த மலைச் சங்கங்களின் கூட்டமைப்பு, தேடலுக்கும் மீட்புக்கும் முறையான ஏற்பாடு செய்வதில் இறங்கியது. நாட்டின் இன்றைய மீட்பு அமைப்புக்கு விதை அங்கே விழுந்தது.

ஒரு நாட்டில் நடைக்காரர்களைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போனது. இன்னொரு நாட்டில் நடைக்காரர்களோடு சேர்ந்து போலீஸ் தேடப் போனது. நியூசிலாந்தில் இன்றும் தரைவழித் தேடலை ஒருங்கிணைப்பது பெரும்பாலும் போலீஸ்தான். காட்டுக்குள் இறங்குகிறவர்களில் சங்கத்துக்காரர்கள் நிறையப் பேர்.

இனி இன்றைய ஞாயிற்றுக்கிழமைக்கு வரலாம். ஷெஃபீல்டிலிருந்து ரயிலேறினால் அரை மணி நேரம் போல ஆகும், ஈடேல் வந்துவிடும். நிலையத்திலிருந்து சற்று நடந்தால் பென்னைன் நெடும்பாதை தொடங்குகிற மதுக்கடை. அங்கிருந்து வயல் வழி. கல்சுவர் குறுக்கிட்டால் ஏறித் தாண்ட மரப்படி இருக்கும். வேலி வந்தால் ஆள் நுழையலாம், மாடு நுழையாது என்கிற வாயில். இங்கிலாந்திலும் வேல்ஸிலுமாகப் பொதுப்பாதைகள் 2 லட்சம் கிலோமீட்டருக்கு மேல். ஒவ்வொன்றும் மாவட்ட நிர்வாகத்தின் சட்டப்பூர்வ வரைபடத்தில் ஏறியிருக்கிறது. வயலின் குறுக்கே போகும் பாதையை விவசாயி உழலாம், ஆனால் முதல் உழவு முடிந்து 14 நாட்களுக்குள் மீண்டும் நடக்கும்படி சமப்படுத்தித் தர வேண்டும். அதன்பின் அதே பயிருக்காகக் கிளறினால் 24 மணி நேரத்துக்குள். அகலம் குறைந்தது ஒரு மீட்டர். குளிர்காலத்தில்தான் இது நன்றாகத் தெரியும். இலையுதிர் காலத்தில் விதைத்த கோதுமை மார்கழியில் விரலளவு நிற்கும். அதன் நடுவே விவசாயி பாதையை விட்டிருக்கிறாரா, இல்லையா என்பது கண்ணால் பார்த்தாலே தெரியும். விடவில்லை என்றால் கூட்டம் ஓரமாக ஒதுங்கிப் போகாது. பாதை எங்கே இருக்க வேண்டுமோ அதே கோட்டில், பயிரின் மேலேயே, ஒருவர் பின் ஒருவராக நடக்கும். அது முரட்டுத்தனம் இல்லை. ஒதுங்கினால் அடுத்தவர் நிலத்தில் கால் வைத்ததாகிவிடும். நடக்காமல் விட்டால் பாதை மறைந்துபோகும். நடப்பதே அங்கே பாதைக்கான சாட்சி.

வெலிங்டனின் ஞாயிறு கார்களில் தொடங்குகிறது. நான்கு பேருக்கு ஒரு கார். பெட்ரோல் செலவைப் பங்கிட்டுக்கொள்வார்கள். கேட்ச்பூல் பள்ளத்தாக்கிலிருந்து ஒரோங்கோரோங்கோ ஆற்றுக்குப் போகிற காட்டுப்பாதை சங்கங்களுக்கு நன்கு பழகியது. இரண்டு மணி நேரத்தில் ஆற்றங்கரை. நல்ல பாதை, புதிதாக வருகிறவர்களையும் கூட்டிப்போகலாம். ஆனால் அங்கிருந்து ஆற்றைக் கடந்து அப்பால் போவதா என்பதை ஆறுதான் சொல்ல வேண்டும். குறுகிய, செங்குத்தான நீர்ப்பிடிப்பு. மலைமேல் மழை கொட்டினால் சில மணி நேரத்தில் பெருகும், மழை விட்டால் அதே வேகத்தில் வடியும். வட்டார நிர்வாகங்கள் ஆறுகளின் நீரோட்ட அளவை இணையத்தில் வெளியிடுகின்றன. நடத்திப் போகிறவர் முந்தின இரவிலும் காலையிலும் அதைப் பார்ப்பார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆற்றில் மூழ்கிச் சாவதற்கு ‘நியூசிலாந்துச் சாவு’ என்றே பெயர் இருந்தது. அந்தப் பயம் இன்னும் தீரவில்லை, தீரவும் கூடாது.

கடக்கும் முறையைத் தனியாகச் சொல்லியாக வேண்டும். நான்கைந்து பேர் தோளோடு தோள் ஒட்டி வரிசையாக நிற்பார்கள். ஒவ்வொருவரும் பக்கத்திலிருப்பவரின் முதுகுக்கும் பைக்கும் இடையே கையை நுழைத்து, பையின் பட்டையை இறுகப் பிடித்துக்கொள்வார்கள். வலுவானவர் நீர் வரும் பக்கத்தில். வரிசை நீரோட்டத்துக்கு இணையாக இருக்கும். அப்போதுதான் முதல் ஆள் வாங்குகிற வேகத்தின் மறைவில் மற்றவர்கள் நடக்க முடியும். எல்லோரும் ஒன்றாக அடியெடுத்து வைத்துச் சற்றுக் கீழ்நோக்கிச் சாய்வாகக் கடப்பார்கள். பூட்ஸைக் கழற்றுவதில்லை. கழற்றினால் கல்லில் கால் நிலைக்காது. அதனால் நடை தொடங்கிய சிறிது நேரத்திலேயே கால் நனைந்து, மாலைவரை நனைந்தே இருக்கும். இங்கிலாந்து ராம்ப்ளருக்கு இது மிகப் பெரிய அதிர்ச்சி. சேற்றில் தாவித்தாவி, கல்மேல் கல்லாகக் கால் வைத்து, காலுறையை உலர்வாகக் காப்பாற்றிக்கொள்வதில் அவருக்கு ஒரு பெருமை உண்டு. டிராம்பிங்காரருக்கு அந்தப் பெருமை இல்லை. வெப்ப உள்காற்சட்டையின் மேல் அரைக்கால் சட்டையைப் போட்டுக்கொண்டு நேராக நீரில் இறங்குவார். அந்தக் கோலத்தை முதலில் பார்க்கிறவர்களுக்குச் சிரிப்பு வரும். நனைந்த நீள்காற்சட்டை காலில் ஒட்டி இழுப்பதை அனுபவித்துவிட்டால் வராது.

காடும் இரண்டு விதம். இங்கிலாந்தின் ஓக்கும் பீச்சும் குளிர்காலத்தில் மொட்டையாக நிற்கும். கோடையில் இலை மறைத்த பள்ளத்தாக்கு, தேவாலயக் கோபுரம், பழைய சுரங்கக் குழி எல்லாம் மார்கழியில் வெட்டவெளியாகத் தெரியும். வழி கண்டுபிடிப்பதும் எளிது. நியூசிலாந்தின் சொந்த மரங்களில் பெரும்பாலானவை இலை உதிர்க்காதவை. ஆனி மாத நண்பகலிலும் காட்டுக்குள் மங்கல்தான். வேர்கள் பாதையின் குறுக்கே கிடந்து ஈரத்தில் வழுக்கும். பிற்பகல் 4 மணிக்கு வெளியே இன்னும் வெளிச்சம் இருக்கும், மரத்தடியில் இருக்காது. வானிலை அறிக்கையில் சூரியன் மறையும் நேரத்தைப் பார்த்துத் திட்டமிடுகிற புதியவர் இதில்தான் ஏமாறுவார். பறவைகளில் மட்டும் ஓர் ஒற்றுமை. பீவாகவாகா என்ற விசிறிவால் குருவி நடைக்காரர்களை ஒட்டியே வரும். நம் கால் கிளப்பிவிடும் பூச்சிகள் அதற்கு விருந்து. இங்கிலாந்தில் மண்ணைக் கிளறுகிறவர் அருகே ராபின் வந்து உட்காருவதும் அதே கணக்குத்தான்.

காற்றைப் பற்றியும் ஒரு வார்த்தை. வெலிங்டனில் தெற்கிலிருந்து காற்று திரும்பினால் அது அண்டார்டிக்கப் பக்கத்துக் குளிரோடு வருகிறது. ஒரு மணி நேரத்துக்குள் வெப்பநிலை கிடுகிடுவென்று இறங்கிவிடும். தென்றலைக் கேட்டு வளர்ந்த நமக்கு இது பழகச் சற்று நாளாகும். மேட்டு முகட்டில் நிற்கும்போது அந்தத் திருப்பம் தெரிந்தால் திரும்பிவிடுவதுதான் வழக்கம். சிகரம் தொடாமல் திரும்பியதற்கு அந்தச் சங்கங்களில் யாரும் முகம் சுளிப்பதில்லை. இங்கிலாந்தில், நான் படித்தும் கேட்டும் அறிந்தவரை, மழைக்காக நடையைச் சுருக்கலாம். பாதியில் திரும்பினால் மதுக்கடையில் முன்பதிவு செய்த சாப்பாடு என்னாவது என்ற கேள்வி எழும்.

மதிய உணவில் இந்த வேறுபாடு இன்னும் துலக்கம். ராம்ப்ளர் நடைகளில் பல, மதுக்கடையை நடுவிலோ முடிவிலோ வைத்து வகுக்கப்படுகின்றன. கணப்படுப்பு, சூடான சூப், நனைந்த நாய்கள். கிறிஸ்துமஸுக்கு மறுநாளும் புத்தாண்டு அன்றும் சிறப்பு நடை உண்டு. பண்டிகை குளிர்காலத்திலேயே வருவதால் கூட்டம் சேரும். நியூசிலாந்தில் கிறிஸ்துமஸ் கோடையில் வருகிறது. அதை நீண்ட பயணங்கள் எடுத்துக்கொள்கின்றன. குளிர்கால நடைக்கு அப்படிப்பட்ட பெருநாள் வெகுகாலம் இல்லை. பூர்வகுடி மாவோரிகளின் புத்தாண்டான மத்தாரிகி 2022-இலிருந்து பொது விடுமுறையானது ஒரு சிறு ஆறுதல். சாப்பாட்டுக்கு வந்தால், அங்கே காட்டுக்குள் கடை ஏது? குடில் இருந்தால் அதன் திண்ணையில், இல்லாவிட்டால் மரத்தடியில், நின்றபடியே சாப்பாடு. முந்திரி, உலர்திராட்சை, சாக்லேட் கலந்த ஸ்க்ராகின் பை கைமாறும். உட்கார்ந்து பத்து நிமிடம் ஆனால் உடம்பு குளிர்ந்துவிடும். இடைவேளை குறுகியதாக இருப்பதற்கு அதுதான் காரணம், அவசரம் அல்ல. நாடெங்கும் இப்படிப்பட்ட குடில்கள் 950-க்கு மேல். 1987-இல் உருவான இயற்கைப் பாதுகாப்புத் துறையின் பொறுப்பில் அவை இருந்தாலும், பழைய குடில்கள் பலவற்றின் கூரைக்கும் அடுப்புக்கும் கைகொடுப்பது இன்றும் சங்கத்தாரே.

விபத்து நேர்ந்தால் யார் பொறுப்பு என்பதிலும் இரு நாடுகளும் பிரிகின்றன. நியூசிலாந்தில் 1974 முதல் விபத்து இழப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. கால் முறிந்தால் தவறு யாருடையது என்று கேட்காமல் அரசுத் திட்டம் செலவை ஏற்கும். காயத்துக்கு இழப்பீடு கேட்டு நடத்திப்போனவர் மேல் வழக்குப் போட வழியில்லை. இங்கிலாந்தில் வழி உண்டு. அதனால் ராம்ப்ளர் அமைப்பு தன் நடைத் தலைவர்களுக்குப் பொறுப்புக் காப்பீடு எடுத்துவைக்கிறது. பனிக்கோடரி பயிற்சி முதல் ஆறு கடப்பது வரை சாதாரண உறுப்பினர்களே சாதாரண உறுப்பினர்களுக்குக் கற்றுக்கொடுக்கும் துணிச்சல் நியூசிலாந்துச் சங்கங்களில் நிலைத்திருப்பதற்கு இந்தச் சட்டமும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். மலைக்காரர்களின் இயல்பான வீரம் என்று மட்டும் அதைப் புகழ்வது சட்டத்துக்குச் செய்யும் அநியாயம்.

இங்கிலாந்தில் இயற்கை சாது, நியூசிலாந்தில் நிலம் எல்லோருக்கும் சொந்தம் என்று இந்த ஒப்பீட்டை நீட்டினால் இரண்டும் தப்பு. 1964 மார்ச்சில் பீக் மாவட்டத்து மேடுகளில் நடந்த ஃபோர் இன்ஸ் நடைப்போட்டியில் மூன்று சாரண இளைஞர்கள் குளிரிலும் மழையிலும் உடல் வெப்பம் தாழ்ந்து இறந்தார்கள். கிண்டரின் உயரம் 636 மீட்டர்தான். ஆனால் மேலே கரிய பீட் சேற்றுப் பிளவுகளுக்குள் மூடுபனியில் திசை தெரியாது. அந்த ஆண்டிலேயே அங்குள்ள மீட்புக் குழுக்கள் ஒரே அமைப்பாக இணைந்தன.

நியூசிலாந்தின் நிலப்பரப்பில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு பொது இயற்கைப் பாதுகாப்பு நிலம். இங்கிலாந்தில் பாதை விட்டு விலகி உரிமையோடு உலவக்கூடிய நிலம் சுமார் 8 விழுக்காடு. இந்த எண்களைப் பார்த்ததும் ராம்ப்ளருக்குப் பொறாமை வரும். ஆனால் அந்த மூன்றில் ஒரு பங்கு வானத்திலிருந்து விழவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் மாவோரிகளிடமிருந்து வாங்கியும் பறித்தும் அரசு சேர்த்த நிலம் அதில் அடக்கம். தாராருவாவில் யாரும் தடுக்கவில்லை என்று மேலே எழுதினேன். தடுக்கக்கூடியவர்களின் கையிலிருந்து நிலம் அதற்கு முன்பே போய்விட்டிருந்தது என்பதே சரியான விளக்கம். 2014-இல் தெ உரேவெரா என்ற காட்டுப்பகுதி தேசியப் பூங்கா என்ற தகுதி நீங்கி, சட்டத்தின் முன் தனக்கே உரிய ஆளுமையைப் பெற்றது. தூஹோய் என்ற மாவோரி மக்கள் அதன் நிர்வாகத்தில் மையமானார்கள். டிராம்பிங் சங்கங்கள், இது யாருடைய இடம், யாரைக் கேட்டு நுழைகிறோம் என்று யோசிக்கவேண்டிய நிலை வந்தது. வார்டின் சங்கம் 1900-இலேயே கேட்ட கேள்வி அது, மறுபக்கத்திலிருந்து. தனியார் பண்ணை நிலங்களிலும் விஷயம் எளிதல்ல. அங்கே பொதுப்பாதைகளின் அடர்ந்த வலை இல்லை. பண்ணைக்காரரிடம் தொலைபேசியில் அனுமதி கேட்க வேண்டும். ஆகஸ்டிலிருந்து அக்டோபர் வரை ஆடு ஈனும் காலம் என்று பல பாதைகளை மூடிவிடுவார்கள். குளிர்கால நடைப்பட்டியல் போடுகிறவர் ஜூலைக்குள் பண்ணை வழிகளை முடித்துக்கொண்டு, பிறகு காட்டுப்பக்கம் திரும்புவது அதனால்தான்.

நடை முடிந்த பிறகும் தலைவருக்கு வேலை தீர்வதில்லை. கேட்ச்பூலில் கார் நிறுத்துமிடத்தில் தலைகளை எண்ண வேண்டும், கைபேசி கிடைக்கிற இடத்துக்கு வந்ததும் ஊரில் காத்திருக்கும் தொடர்பாளருக்கு ‘எல்லோரும் வெளியே வந்தாயிற்று’ என்று சேதி அனுப்ப வேண்டும். சொன்ன நேரம் தாண்டியும் சேதி வராவிட்டால் போலீசுக்குச் சொல்வது அந்தத் தொடர்பாளரின் பொறுப்பு. ஈடேலில் நடந்த ஷெஃபீல்டுக்காரர் வீட்டுக்கு வந்து குளித்துவிட்டு மாவட்ட நிர்வாகத்துக்கு எழுதுகிறார்: இந்த எண் பாதையில், இந்தச் சுவரில், ஏறுபடியின் இரண்டாவது பலகை உளுத்துவிட்டது, அடுத்த வயலில் பாதையை உழுது அப்படியே விட்டிருக்கிறார்கள். புகைப்படமும் இணைப்பார். அடுத்த மார்கழியில் அதே வழியில் போகும்போது பலகையை மாற்றியிருக்கிறார்களா என்று முதலில் பார்ப்பார். பல சமயம் மாற்றியிருக்க மாட்டார்கள். அவரும் மறுபடி எழுதுவார்.